மூடிய பள்ளிக்கூடத்தில் ஒரு பள்ளிக்கூடக் கதை

ஸ்கூல் கதைன்னாலே ஒரு நல்ல வாத்தியார், அடங்காத பசங்க, கடைசியில கைதட்டல்னு நமக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கு. இன்னிக்கு பேசப்போற 'வாட்டர்லூ ரோடு' சீரியல்லயும் அது எல்லாம் இருக்கு. ஆனா வருஷக்கணக்கா அந்த சீரியலை ஓட்டினது ஒரே ஒரு பயம்தான்: இந்தப் பள்ளியை எப்போ இழுத்து மூடப் போறாங்க?

பிபிசி ஒன்ல 2006 மார்ச் 9 அன்னிக்கு இது ஆரம்பிச்சது. மான்செஸ்டர் பக்கத்துல ராச்டேல்னு ஒரு பழைய பஞ்சாலை ஊர். அங்க தேறாதுன்னு எல்லாரும் கைகழுவின ஒரு அரசுப் பள்ளி. பழைய தலைமை ஆசிரியர் நொறுங்கிப்போய் விலக, ஜாக் ரிம்மர் பொறுப்பெடுக்கிறார்.

ஒரு அரசுப் பள்ளியை மூடுவாங்கங்கிற பயம் எங்கேர்ந்து வந்தது? அதுக்கு 1988க்குப் போகணும். அந்த வருஷம் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டப்படி, பள்ளியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பெற்றோருக்குக் கூடுச்சு. எத்தனை பிள்ளைகளோ அதுக்கேத்த மாதிரிதான் பணம். 1992ல ஆஃப்ஸ்டெட்ங்கிற ஆய்வு அமைப்பு வந்தது. அதே வருஷம் தேர்வு முடிவுகளை வச்சுப் பள்ளிகளின் பட்டியலும் வெளிவர ஆரம்பிச்சது. அடுத்த வருஷச் சட்டத்துல, தோத்துப்போன பள்ளிகளுக்கு 'ஸ்பெஷல் மெஷர்ஸ்'னு ஒரு முத்திரை.

இப்போ இதை ஒரு சிஸ்டமா ஓட்டிப் பாருங்க. மார்க் குறைஞ்சா பட்டியல்ல கீழ போகும். விவரம் தெரிஞ்ச பெற்றோர் பிள்ளையை வேற பள்ளிக்கு மாத்துவாங்க. பிள்ளை போனா பணம் போகும், பணம் போனா நல்ல ஆசிரியர் போவார். மிச்சம் இருக்கிறது வேற எங்கயும் இடம் கிடைக்காத பசங்க. அடுத்த வருஷம் மார்க் இன்னும் குறையும். எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு லூப் எழுதினா கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

இது வெறும் தியரி இல்ல. ராச்டேல்லேர்ந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் ஹாலிஃபாக்ஸ். ரெண்டு பள்ளிகளை இணைச்சு 1995ல அங்க 'ரிடிங்ஸ்' பள்ளியைத் தொடங்கினாங்க. பக்கத்துலயே நுழைவுத்தேர்வு வச்சு எடுக்கிற கிராமர் பள்ளிகள் இருந்தன. நல்லாப் படிக்கிற பசங்களை அவங்க எடுத்துக்கிட்டாங்க. 1996ல நிலைமை கைமீறிப்போச்சு. சுமார் 60 மாணவர்களை நீக்கணும், இல்லேன்னா ஸ்ட்ரைக்னு ஆசிரியர் சங்கம் சொன்னது. அவசர ஆய்வு நடந்தது, பள்ளியைத் தற்காலிகமா மூடினாங்க. கேட்டுக்கு வெளியே டிவி கேமராக்கள். நாட்டிலேயே மோசமான பள்ளின்னு பேரு. புதுத் தலைமை ஆசிரியர் பீட்டர் கிளார்க் வந்து, 1998ல அந்த முத்திரையிலிருந்து பள்ளியை வெளியே கொண்டுவந்தார். இங்க முடிஞ்சிருந்தா நல்ல சினிமா. ஆனா சுத்தி இருந்த கிராமர் பள்ளிகளும் பட்டியலும் அப்படியேதான் இருந்தன. 2009ல ரிடிங்ஸை நிரந்தரமாவே மூடிட்டாங்க.

'வாட்டர்லூ ரோடு' அந்தப் பள்ளியோட கதைன்னு நான் சொல்லல. ஆனா அதைப் பார்த்த வடக்கு இங்கிலாந்துக்காரங்களுக்கு இந்தப் பயத்தை யாரும் விளக்கவேண்டியிருக்கல.

சீரியலை எங்க எடுத்தாங்கன்னு தேடினப்போதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ராச்டேல்ல கர்க்ஹோல்ட்ங்கிற பகுதியில காலியா இருந்த ஒரு பழைய ஆரம்பப் பள்ளிதான் செட். 2012ல கதைப்படியே பள்ளியை மூடிட்டு, ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊருக்குப் போனாங்க. அங்கயும் அதே கதை: கிரீனக் அகாடமி 2011ல வேற ஒரு பள்ளியோட இணைஞ்சதால காலியான கட்டடம். மூடிடுவாங்களோன்னு பயப்படுற பள்ளியோட கதையை, நிஜமாவே பசங்க காலி பண்ணிட்டுப் போன வகுப்பறைகள்லதான் எடுத்திருக்காங்க.

ஆசிரியர்களும் சில பசங்களும் இங்கிலாந்துலேர்ந்து மொத்தமா ஸ்காட்லாந்துக்குக் குடிபோறதை என்னால நம்பவே முடியல. அங்க ஆஃப்ஸ்டெட்டே கிடையாது, தேர்வு முறையே வேற! ஸ்காட்லாந்துல தயாரிப்பைக் கூட்டணும்ங்கிற பிபிசியோட தேவை கதையை இழுத்துட்டுப் போனது அப்பட்டமா தெரியும். 2015 மார்ச் 9 அன்னிக்கு, ஆரம்பிச்சு சரியா ஒன்பது வருஷத்துல, 200 எபிசோடோட முடிஞ்சுது.

2023 ஜனவரியில கதை மான்செஸ்டருக்குத் திரும்பி வந்தது. பழைய சீசன்கள்ல ஆசிரியையா இருந்த கிம் கேம்பெல் அப்போ தலைமை ஆசிரியையா வந்தாங்க. பழைய சீசன்கள்ல வம்பு பண்ணின டான்டே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புற அப்பாவா வந்தார்.

அதே மாசம் நிஜ இங்கிலாந்துல ஒரு ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை தன் உயிரை மாய்ச்சுக்கிட்டாங்க. அவங்க பள்ளிக்கு ஆஃப்ஸ்டெட் ஒத்தை வார்த்தையில மோசமான மதிப்பீடு கொடுத்திருந்தது. அந்த ஆய்வும் மரணத்துக்கு ஒரு காரணம்னு அந்த வருஷ டிசம்பர்ல விசாரணை அதிகாரி சொன்னார். 2024 செப்டம்பர்ல அரசு அந்த ஒத்தை வார்த்தை மதிப்பீட்டைக் கைவிட்டது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையும், பிள்ளைகளோட எண்ணிக்கைப்படி போற பணமும் இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.