கார் ஏர்கோன் கோளாறு

காரின் ஏர்கோன் குளிர்ந்த காற்றைத் தராமல் போகும் நிலை. ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏர்கோனுக்கு ஓய்வுக் காலமே கிடையாது.

முதற்காரணம் கேஸ் கசிவு. மூடிய குழாய்ச் சுற்றில் ஓடும் இந்த வாயு, பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதில்லை. சீக்கிரம் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ரப்பர் வளையம் காய்ந்திருக்கலாம். டேஷ்போர்டுக்குள் ஈரத்திலும் தூசியிலும் கிடக்கும் கூலிங் காயில் அரித்திருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது வீண்செலவு, சூழலுக்கும் கேடு. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ வாயு, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது.

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நின்றதும் அனல் வீசினால், கண்டென்சர் விசிறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்றே பலமாக வராவிட்டால் ஃபில்டர் அடைப்பு, அல்லது புளோவர் பழுது.

பெருஞ்செலவு வைப்பது கம்ப்ரஸர். அதற்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் எண்ணெய் கிடைக்காமல் அது இறுகிவிடும். கேஸ் ஏற்றும் முன் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.