வெளிநாட்டில் மருத்துவம் பயின்றவர்கள் இந்தியாவில் உரிமம் பெறும் முறை: நோயாளிகள் அறிய வேண்டியவை

வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர், அப்பட்டத்தை மட்டும் கொண்டு இந்தியாவில் சிகிச்சை அளிக்க இயலாது. திருச்சிராப்பள்ளியிலோ ஸ்ரீரங்கத்திலோ உள்ள மருத்துவமனையில் உங்கள் குடும்பத்தினரைச் சேர்த்திருக்கும்போது, இரவுப் பணியில் உள்ள மருத்துவர் ரஷ்யாவிலோ பிலிப்பைன்ஸிலோ படித்தவர் எனத் தெரியவரலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அவர் இங்கு பதிவு பெற்றவரா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

தேர்வும் பயிற்சியும்

எஃப்.எம்.ஜி.இ. எனப்படும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு 2002-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. தேசியத் தேர்வுகள் வாரியம் இதனை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. மொத்தம் 300 வினாக்கள். தேர்ச்சிக்கு 150 மதிப்பெண்கள் தேவை. பலமுறை எழுதியே தேறியவர்களும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பட்டமேற்படிப்பையும் முடித்து, அங்கே தொழில்புரியும் தகுதி பெற்றவர்களுக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் அமைந்திருக்க வேண்டும். அங்கே 12 மாதப் பயிற்சியும், இந்தியாவில் மேலும் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இங்குப் பயிற்சி பெறும் காலத்தில் அவருக்குத் தற்காலிகப் பதிவு மட்டுமே இருக்கும். மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் அவர் உங்களைப் பரிசோதிக்கலாம். தனியே கிளினிக் நடத்த முடியாது.

பெயருக்குப் பின் வரும் எழுத்துகள்

நோயாளிகள் பெரிதும் குழம்புவது இதில்தான். ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் முதற்பட்டத்தின் பெயரே எம்.டி. என்பதாகும். அது இங்குள்ள எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நிகரானது. இந்தியாவில் எம்.டி. என்பதோ எம்.பி.பி.எஸ். முடித்தபின் பயிலும் சிறப்புப் படிப்பு. ஆகவே பெயர்ப்பலகையில் எம்.டி. என்று கண்டவுடன் அவரைச் சிறப்பு மருத்துவர் எனக் கொள்ளாதீர்கள். எந்தத் துறையில், எங்குப் பெற்ற பட்டம் என்று கேளுங்கள். இதனைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

பதிவை எவ்வாறு சரிபார்ப்பது?

மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் பார்வைக்கு வைக்க வேண்டும். மருந்துச்சீட்டு, சான்றிதழ், கட்டண ரசீது ஆகியவற்றிலும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பதிவேட்டைப் பராமரிப்பது சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். ஆயினும் இதற்காகச் சென்னை செல்ல வேண்டியதில்லை. கவுன்சிலின் இணையதளத்திலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலும் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடலாம். பெயர் உடனே கிடைக்காவிட்டால் போலி மருத்துவர் என்று முடிவு செய்துவிட வேண்டாம். எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம், கேரளம், கர்நாடகம் போன்ற வேறு மாநிலத்தில் பதிந்தவராகவும் இருக்கலாம். மருத்துவமனை நிர்வாகத்திடம் எண்ணைக் கேட்டுப் பெற்று மீண்டும் தேடுங்கள்.

பதிவின்றி மருத்துவத் தொழில் புரிவது, தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். தேர்வில் தேறாத பட்டதாரிக்கும் இது பொருந்தும். மருந்துச்சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகல்களுடன் மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ புகார் அளிக்கலாம்.

மாரடைப்பு, பக்கவாதம், விபத்து போன்ற அவசர நிலையில் சரிபார்ப்பதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. முதலில் 108-ஐ அழையுங்கள்.