மொட்டுக் காளான் வளர்ப்பு ஊடகங்கள்

மொட்டுக் காளான் வியாபாரப் பயிராக முதன்முதல் தலையெடுத்தது பாரிஸ் நகரத்துச் சுற்றுப்புறங்களிலே; தூர்னஃபோர் என்னும் தாவர சாஸ்திரி 1707-இல் அம்முறையை வருணித்தபோது அதற்கு ஆதாரமாயிருந்தது குதிரை எருவே. மோட்டார் வாகனங்கள் பெருகி, குதிரை லாயங்கள் அருகி, எருவுக்குத் தட்டுப்பாடு கண்ட காலத்தில், பென்ஸில்வேனியாவில் ஸிண்டன் என்பார் குதிரை எருவே சேராத செயற்கைக் கம்போஸ்ட்டின் தயாரிப்பு முறையை 1938-இல் வெளியிட்டார்.

இந்தியாவில் மொட்டுக் காளான் வளர்ப்பு முயற்சி 1961-இல் ஹிமாசலப் பிரதேசத்துச் சோலனில் ஆரம்பமாயிற்று. அங்கே கோதுமை வைக்கோல், கோழி எரு, தவிடு, ஜிப்சம் ஆகியவை சேர்ந்த கலவை நிலைபெற்றதாயினும், கோதுமை அரிதாகவே விளையும் தமிழ்நாட்டில் நெல் வைக்கோலே கைக்கு எட்டுவது. அது மிருதுவானது; நீரை மிகுதியாக உறிஞ்சி அமுங்கிவிடுவதால் குவியலினுள் காற்றோட்டம் தடைப்பட்டுத் துர்நாற்றம் உண்டாகும். ஆதலால் நீரைக் குறைத்தும், குவியலைத் தவறாமல் கிளறியும் பதப்படுத்தல் அவசியம்.

விசேஷமாகக் கவனிக்கத்தக்கது கம்போஸ்ட்டின் மேல் 3 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்கு இடப்படும் மேற்பூச்சு. காளானுக்கு உணவளிப்பது அதன் காரியமன்று. ஈரத்தைத் தேக்கி, மொட்டு அரும்பத் தூண்டுவதே அதன் பயன். ஐரோப்பியர் இதற்குச் சதுப்புநிலத்துக் கரிமண்ணை வெட்டுகின்றனர். அது கிட்டாத நம் நாட்டில் மக்கிய தொழுவுரமும், பயன்படுத்திக் கழித்த பழைய கம்போஸ்ட்டும், தென்னை நார்க்கழிவும் அந்த ஸ்தானத்தை வகிக்கின்றன. கயிற்றுத் தொழிலார் குப்பையென்று ஒதுக்கிய நார்க்கழிவு, உப்பு நீங்க அலசிச் சுண்ணாம்புத்தூளால் புளிப்பை மாற்றிய பின், இவற்றுள் சிறந்ததென்பது என் அபிப்பிராயம்.

தாம்பரம், வண்டலூர் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பிரதேசங்களுக்கோ செங்கற்பட்டு ஜில்லாவின் வைக்கோல் அருகிலேயே உண்டு, ஊடகத்துக்குக் குறைவில்லை. ஆனால் மொட்டு விடுவதற்கு 14 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சி வேண்டும் இக்காளானுக்கு, சித்திரை வெயிலில் அதனை உண்டாக்கும் மின்சாரச் செலவே வைக்கோலால் வரும் இலாபத்தை விழுங்கிவிடும். நீலகிரியின் சீதோஷ்ணத்துக்கு உகந்த ‘ஊட்டி 1’ இரகம் சமவெளிக்கு இறங்கி வராததன் காரணம் இதுவே. இங்குள்ளோர்க்கு ஏற்றது, 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் செழிக்கும் பால் காளான். வங்காளத்தில் 1974-இல் புர்காயஸ்தாவும் சந்திராவும் புதிய இனமாக வருணித்த அதனைப் பின்னர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வியாபாரப் பயிராக அபிவிருத்தி செய்தது. வேகவைத்த நெல் வைக்கோலே அதற்குப் போதும், கம்போஸ்ட் தேவையில்லை, மேற்பூச்சு மட்டும் அதற்கும் உண்டு.