பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

சற்று நீளமான பதிவு. பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது!

'மகமை' என்ற சொல்லை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மூட்டை பருத்தியோ மிளகாயோ விலைபோனால், அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென்று தனியே எடுத்து வைப்பதுதான் மகமை. நகரத்தாரிடமும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் அதை வைத்து ஒரு சமூகமே தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்ட இடம் என்றால் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கத்து நாடார் உறவின்முறைகளைத்தான் சொல்ல வேண்டும். (விருதுபட்டி 1923-இல்தான் விருதுநகர் ஆனது.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் நிலைமை என்ன? கையில் சரக்கு உண்டு, மதிப்பு கிடையாது. கோயிலுக்குள் போக முடியாது. சரக்கோடு வழியில் தங்கினால் பயம். அதனால் மகமைப் பணத்தில் முதலில் பேட்டைகள் கட்டினார்கள். வண்டி மாடுகளை அவிழ்த்துக் கட்டவும் சரக்கைப் பத்திரமாக இறக்கி வைக்கவும் சுற்றுச்சுவர் போட்ட இடம். அப்புறம் கிணறு, கோயில். பிறகு பள்ளிக்கூடம்.

1880-களில் விருதுபட்டியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வந்ததுதான். அதற்கு மகமையோடு இன்னொன்றும் சேர்ந்தது: பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். வீடு வீடாக அதைச் சேகரித்து, விற்று, பள்ளியை நடத்தினார்கள். மகமை கடை வைத்திருந்தவர்கள் கொடுத்தது. பிடி அரிசியோ கடை கண்ணி இல்லாத வீட்டிலிருந்தும் வந்தது. நன்கொடையாளர் பெயர்ப் பலகையில் அந்தப் பெண்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் அளந்து போட்ட அரிசியில் நடந்த பள்ளியில்தான் சிறுவன் காமராஜர் படித்தார். பிற சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் 1994 பத்தாம் வகுப்பு செட் பிள்ளைகள் பதினோரு பேர் மாதம் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு, இரண்டு பெண்களின் நர்சிங் படிப்புக்கு உதவிவருகிறார்கள். 'சில்லறையாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்து மொத்தமாக வாங்கிவிடலாமே' என்று குழுவில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். பெரிய மனிதரிடம் தாராளமாகக் கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அவருடைய மனசு மாறினால் அந்தப் பெண்கள் இரண்டாம் வருடத்தில் நிற்பார்கள். மகமை நின்றதற்குக் காரணம், அது யாருடைய மனசையும் நம்பி இருக்கவில்லை என்பதுதான். வியாபாரம் நடந்தால் மகமையும் எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டுப் பணத்தால் எல்லாமே முடியும் என்று நான் சொல்லவில்லை. காமராஜர் முதலமைச்சரானதும் மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். முதலில் ஊர்க்காரர்களின் உதவியை நம்பித்தான் அது நடந்தது. பிறகு ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்குப் போட்டு, அரசு ஆறு பைசா, ஊர் நான்கு பைசா என்று பிரித்தார்கள். அன்றைக்குக் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடைத் துணி, நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த நாலு பைசா எப்படி வந்தது என்பதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் எங்கள் தலைமையாசிரியர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு களம் களமாகப் போவார். ஆளுக்கு ஒரு மரக்கால் நெல். பின்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு நாங்கள். மழை பொய்த்த வருடம் களமே இல்லை, நெல்லுக்கு எங்கே போவது? மதிய உணவுக் கூடத்தில் அடுப்பு எரியாத நாட்களும் இருந்தன. செழிப்பான ஊரில் நாலு பைசா பெரிதில்லை. வானம் பார்த்த பூமியில், பிள்ளைகள் எங்கே அதிகம் பசித்திருந்தார்களோ அங்கேதான் அது முதலில் நின்றது. அதன் பிறகு கேர் அமைப்பின் பால்பவுடரும் எண்ணெயும் வந்தன. மஞ்சள் சோள உப்புமா ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது, நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன்! 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஊரின் நாலு பைசாவைப் பற்றிப் பேச யாரும் இல்லை. ஆனால் அதற்கு முன்பு கால் நூற்றாண்டு அந்த நாலு பைசாவில் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் வீட்டில் பாட்டி, ஆத்தா யாராவது பிடி அரிசிக் கலயம் வைத்திருந்தார்களா? எதற்குக் கொடுத்தார்கள், யார் வந்து வாங்கிப் போனார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். 1994 செட் பிள்ளைகள் என்னைப் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளவும். பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிடும்.