செட்டிங் நேரமும் ஓடும் நேரமும்: மெய்நிகர் இயந்திரங்களுக்கு எல்எல்விஎம் வந்த கதை

மூக்கண்டப்பள்ளி சிப்காட் வட்டாரத்துப் பட்டறைகளில் சிஎன்சி மெஷினுக்குப் புது ஜாப் வந்தால் முதல் கேள்வி, "எத்தனை பீஸ்?" ஐயாயிரம் பீஸ் என்றால், ஃபிக்ஸ்சர் மாட்டி டூல் ஆஃப்செட் சரிபார்க்க அரை ஷிப்ட் போனாலும் கட்டுப்படியாகும். பத்துப் பீஸ் என்றால் சாதா லேத்தே போதும். மெய்நிகர் இயந்திரங்களில் ஓடும் நிரல்மொழிகள் புதிய கம்பைலர் சட்டகங்களை ஏற்றதையும் கைவிட்டதையும் இந்தக் கணக்கே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

மெய்நிகர் இயந்திரம், மூல நிரலிலிருந்து பெறப்படும் பைட்கோடை ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்கும். அடிக்கடி ஓடும் பகுதியை மட்டும், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது ஜிட் கம்பைலர். அந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம்தான் இங்கே செட்டிங் நேரம்.

மும்பை ஐஐடியில் படித்த விக்ரம் ஆத்வேயின் வழிகாட்டலில், கிறிஸ் லாட்னர் 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எல்எல்விஎம் என்ற கம்பைலர் சட்டகத்தின் பணியைத் தொடங்கினார். 2003-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. மொழியை வாசித்து எல்எல்விஎம்மின் இடைநிலை வடிவத்தில் தந்தால் போதும். செம்மையாக்கத்தையும் சில்லுக்கேற்ற குறியாக்கத்தையும் சட்டகமே பார்த்துக்கொள்ளும்.

இந்த வசதியை நம்பித்தான் கூகுள் பொறியாளர்கள் 2009-இல் 'அன்லேடன் ஸ்வாலோ' திட்டத்தை அறிவித்தார்கள். பைத்தானை ஐந்து மடங்கு வேகமாக்குவது இலக்கு. ஆனால் எல்எல்விஎம் ஜிட்டின் பிழைகளைத் திருத்துவதிலேயே அவர்களுடைய உழைப்பில் பெரும்பங்கு கரைந்தது. நினைவகச் செலவும் ஏறியது. 2011-இல் திட்டம் நின்றுபோனது.

சஃபாரி உலாவியின் வெப்கிட் குழு 2014-இல் தன் ஜிட்டுக்கு எல்எல்விஎம்மை ஏற்றது. ஓடிய நிரல் வேகமாகத்தான் இருந்தது. கம்பைல் ஆவதற்குத்தான் நேரம் பிடித்தது. வலைப்பக்கத்தைத் திறந்தவர் அதுவரை பொறுத்திருப்பாரா? 2016-இல் அந்தக் குழு 'பி3' என்ற சொந்தக் கம்பைலருக்கு மாறியது.

அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் ஒரு வெற்றி. அசூல் நிறுவனம் தன் ஜாவா இயந்திரத்துக்கு எல்எல்விஎம் அடிப்படையிலான 'ஃபால்கன்' ஜிட்டைக் கொண்டுவந்தது. சர்வரில் நாள்கணக்கில் ஓடும் நிரலுக்குத் தொடக்கச் செலவு பெரிதாகத் தெரியாது.

பைத்தான் 3.13, 2024-இல் மூன்றாவது வழியைப் பிடித்தது. அதன் சோதனை நிலை ஜிட், பைத்தானை உருவாக்கும்போதே எல்எல்விஎம்மைக் கொண்டு இயந்திரக் குறியீட்டு அச்சுகளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நிரல் ஓடும்போது அச்சை நகலெடுத்து வெற்றிடங்களை நிரப்பினால் வேலை முடிந்தது. பயனரின் கணினியில் எல்எல்விஎம் இருக்க வேண்டியதில்லை.

தமிழில் இந்தச் செட்டிங் கணக்குக்கு உரைகல் 'எழில்'. முத்தையா அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கி 2009-இல் அறிவித்த இந்த நிரல்மொழி பைத்தானில் எழுதப்பட்டது. "@( மதிப்பெண் >= 35 ) ஆனால்" என்று அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக, தமிழ் வாக்கியம் போலவே அமையும். எழிலின் இயக்கி நிரலை இலக்கண மரமாக்கி, அந்த மரத்தின் கிளை கிளையாகச் சென்று இயக்குகிறது. அந்த இயக்கியைப் பைத்தானின் மெய்நிகர் இயந்திரம் ஓட்டுகிறது. இரண்டு அடுக்கு என்பதால் வேகம் குறைவுதான். ஆனால் எழில் பள்ளி மாணவர்களுக்கான மொழி. அவர்கள் எழுதும் பத்து வரி நிரலுக்கு எல்எல்விஎம் வீண் செட்டிங். அங்கே முதலில் வேண்டியது தெளிவான தமிழில் பிழைச் செய்தி. அதை எந்தச் சட்டகமும் ஆயத்தமாகத் தருவதில்லை.