மே மாதத்து மீனும் 1837-ஆம் வருஷத்து ஒப்பந்தமும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை உண்டு. அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வருவானா என்பது சந்தேகம் என்று என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சொல்வார். வால்ஐ என்ற ஏரி மீனைப் பிடிக்கும் பருவம் அன்று தொடங்குகிறது. ‘ஓபனர்’ என்பார்கள். வெள்ளி இரவு பன்னிரண்டு அடித்ததும் தூண்டில் போடலாம். அதற்கு முன்பே, மினியாபொலிஸிலிருந்து வடக்கே போகும் 169-ஆம் நெடுஞ்சாலையில் படகை இழுத்துக்கொண்டு வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

நான் பழவேற்காட்டு மடவையைத் தின்று வளர்ந்தவள். வலையும் தோணியும் பார்த்த கண்ணுக்கு, ஒரு மீனுக்காக மாநிலமே விடுமுறை எடுப்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மில் லாக்ஸ் ஏரிக்கரையில் ஒரு சின்ன ரிசார்ட்டில் தங்கிப் பழகிய பிறகு இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடியது என்னை ஒரு பழைய காகிதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதலில் மீன். மில் லாக்ஸ் பெரிய ஏரி, 1,32,000 ஏக்கர். ஆனால் அதன் அதிகபட்ச ஆழமே 42 அடிதான். சாதாரணமாக ஏப்ரல் கடைசியில் பனிக்கட்டி விலகும். நீர் லேசாகச் சூடேறியதும் வால்ஐ கூட்டம் கூட்டமாக இரவில் கரையோரக் கூழாங்கல் திட்டுகளுக்கு வந்து முட்டையிடும். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் அள்ளிவிடலாம். அதனால்தான் பிப்ரவரி இறுதியிலிருந்து மே நடுவரை தூண்டிலுக்குத் தடை. தடை நீங்கும்போது முட்டையிட்டு முடித்த மீன் பசியோடு, இன்னும் ஆழம் குறைந்த இடங்களிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருப்பதால் மங்கலில் நன்றாகப் பார்க்கும், வெயில் ஆகாது. எனவே விடிகாலை, அந்தி, காற்று கிளப்பும் சிற்றலை, மூட்டமான வானம் இவைதான் நல்ல நேரம். ஈயத்தலை வைத்த முள்ளில் பொடிமீனைக் கோத்துத் தரைதட்ட விட்டு, மெல்லச் சுண்டிச் சுண்டி இழுப்பார்கள். தண்ணீர் இன்னும் சூடானால் இரை அட்டைக்கு மாறும். பனி சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. 2013-ல் ஓபனர் வந்தபோது மில் லாக்ஸில் பனிக்கட்டி கிடந்தது.

இனி ரிசார்ட். இங்கே காட்டை ரசித்துத் தங்க வந்தவர்களுக்கு முன்னால் காட்டை வெட்ட வந்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைப் பைன் மரங்கள்தான் வடக்கின் பொன். 1871-ல் ரயில் வடக்கே பிரெய்னர்டு என்ற ஊருக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் வெட்டு உச்சத்தில் இருந்தது. பிறகு வெட்ட மரமில்லை. எஞ்சிய மொட்டை நிலத்தில் விவசாயம் சரியாக எழும்பவில்லை. ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்தவர்கள் பலர் நாலு மரக்குடில் போட்டு, இரண்டு துடுப்புப் படகு வாங்கி, நகரத்து மீன்பிரியர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள்.

அந்தத் தொழிலை இரண்டு விஷயங்கள் தூக்கிவிட்டன. பக்கத்து விஸ்கான்சினில் ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் 1909-ல் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1920-ல் மினசோட்டா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி மாநில நெடுஞ்சாலைகளுக்கு வழி செய்தது. கார் வைத்திருந்த தொழிலாளியும் குடும்பத்தோடு வடக்கே வர முடிந்தது.

ரிசார்ட் என்றதும் மாமல்லபுரத்து நட்சத்திர விடுதியை நினைக்கக் கூடாது. ஒரு குடும்பமே நடத்தும் ஏழெட்டு கேபின்கள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஏரியிலிருந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, கோடையில் மீன் கெடாமல் வைக்க எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் படகையும் மோட்டாரையும் பார்த்தால், படுக்கை விரிப்பு துவைப்பது, கேபின் கழுவுவது, கணக்கு எழுதுவது எல்லாம் பெண்கள் தலையில். சனிக்கிழமை காலை ஒரு கூட்டம் காலி செய்யும். மாலைக்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்தில்தான் அந்தப் பெண்களின் வாரமே அடங்கியிருந்தது. 1947-ல் ஆளுநர் லூதர் யங்டால் சூதாட்ட இயந்திரங்களைத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தார். அவற்றை வைத்திருந்த ரிசார்ட்காரர்களுக்கு ஒரு வரும்படி போயிற்று. அவர் காலத்திலேயே, 1948-ல், ஆளுநரே கலந்துகொள்ளும் ஓபனர் விழா தொடங்கியது. 1965-ல் வால்ஐ மாநில மீன் ஆனது.

இந்தக் கதையை ரிசார்ட் சுவர்களில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படங்கள் நன்றாகவே சொல்கின்றன. சொல்லாத கதை இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுடையது.

1837 ஜூலையில் ஸ்னெல்லிங் கோட்டையில் ஒஜிப்வே தலைவர்கள் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தார்கள். அரசுக்கு வேண்டியது பைன் மரம். நிலத்தைக் கொடுத்தார்கள், ஆனால் அந்த நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மரம் வெட்டியவனும், மரம் போன இடத்தில் குடில் போட்டவனும், இன்று அங்கே தூண்டில் போடும் நானும் அந்தக் காகிதத்தின் முதல் பாதியில் நிற்கிறோம். இரண்டாவது பாதியை வெகுகாலம் யாரும் வாசிக்கவில்லை. 1850-ல் ஜனாதிபதி ஜக்கரி டெய்லர் அந்த உரிமையை ரத்து செய்து, அவர்களை மேற்கே போகச் சொல்லி ஆணையிட்டார். மில் லாக்ஸ் ஒஜிப்வேக்கள் போகவில்லை. 1911-ல் ஷெரீஃபின் ஆட்கள் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து அவர்களை விரட்டி வீடுகளைக் கொளுத்தினார்கள். சில வருஷம் கழித்து ஹாரி, ஜெனட் அயர் தம்பதி அதே ஏரிக்கரையில் வியாபார நிலையம் வைத்தார்கள்; சுற்றுலாக் கேபின்களும் போட்டார்கள். ஒஜிப்வேக்கள் அங்கே படகு கட்டினார்கள், வழிகாட்டிகளாக வேலை பார்த்தார்கள், பிர்ச் மரப்பட்டையில் கூடை செய்து விற்றார்கள். தங்கள் ஏரியில் அடுத்தவருக்கு மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக் கூலி வாங்கினார்கள்.

1990-ல் மில் லாக்ஸ் ஒஜிப்வேக்கள் அந்த உரிமைக்காக மாநில அரசின் மீது வழக்குப் போட்டார்கள். 1993-ல் எட்டிய சமரசத்தை மாநிலச் சட்டமன்றம் நிராகரித்தது. 1999 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: டெய்லரின் ஆணை செல்லாது, 1837-ன் உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி ஏப்ரலில் பனி விலகியதும், ஓபனருக்கு முன்பே, அந்த ஒப்பந்தத்துக்கு உரிய எட்டு ஒஜிப்வே குழுக்கள் வலையாலும் ஈட்டியாலும் தங்கள் பங்கை எடுக்கலாம்.

அதற்குள் ஏரியே மாறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் தெளிந்தது; 2005-ல் வரிச்சிப்பி (zebra mussel) கண்டுபிடிக்கப்பட்டது. பிறக்கும் வால்ஐ குஞ்சுகளில் வளர்ந்து ஆளாவது குறைந்தது. 2015 ஆகஸ்ட் 3 அன்று பருவம் பாதியில் மூடப்பட்டது. மறுவருஷம் பிடித்த வால்ஐயை எல்லாம் திரும்ப விட வேண்டியிருந்தது. சில ரிசார்ட்கள் தாங்கவில்லை.

மீன் கழுவும் கொட்டகையில்தான் இதைப் பற்றிய பேச்சு சூடாகும். கொட்டகை என்றால் கம்பிவலை அடித்த சுவர், தகர மேசை, ரப்பர் குழாய், கீழே ஒரு வாளி. செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி, முள்ளெலும்பு தட்டியதும் திருப்பி, வால் வரை ஒரே இழுப்பு. இரண்டு பக்கமும் சதையை எடுத்துவிட்டு, தலையும் முள்ளுமாக வாளியில் வீசுவார்கள். அன்றிரவே தின்ன மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், “எல்லாம் அவர்கள் வலையால் வந்த வினை” என்றார். வாளியிலிருந்த தலைகளைக் குழம்புக்குக் கேட்டு வாங்கிக்கொண்டே நான் கணக்கைச் சொன்னேன்: 2015-ல் அனுமதித்த 40,000 பவுண்டு வால்ஐயில் மாநிலத் தூண்டில்காரர்களின் பங்கு 28,600, ஒஜிப்வேக்களின் பங்கு 11,400. அவர் தலைகளைக் கொடுத்தார். கணக்கை ஏற்கவில்லை.

ஒஜிப்வேக்களின் உரிமையை அரசு போட்ட பிச்சை என்று பேசுவது இங்கே இன்னும் ஓயவில்லை. அவர்கள் விற்காமல் வைத்துக்கொண்ட சொத்து அது. நிலத்தின் விலையில் ஒரு பகுதி. அந்தப் பகுதி செல்லாது என்றால், நிலம் கைமாறியதும் செல்லாது. ரிசார்ட்டின் பட்டாவும் ஆட்டம் காணும். அயர் தம்பதியின் வியாபார நிலையம் இன்று மில் லாக்ஸ் இந்தியர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, 169-ஆம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. மினசோட்டாவுக்கு வரும் தமிழர்கள் தூண்டிலோடு அந்த வழியாகப் போனால், இரை வாங்கும் கடையில் நிறுத்துவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.