விற்கும் சொற்கள்: அறிய வேண்டிய ஏழு வழிகள்

விளம்பரம் எழுதவும் பொருளை எடுத்துச் சொல்லி விற்கவும் கற்போர் அவசியம் அறிய வேண்டியவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. விற்பனைப் பயிற்சிகளில் தாமே சேர்ந்து கவனித்து, 1984-இல் 'இன்ஃப்ளூயன்ஸ்' நூலில் ஆறு வழிகளைத் தொகுத்தார்.

1. கைமாறு: இலவசமாகப் பெற்றவர் திருப்பிச் செய்ய நினைப்பார்.
2. சொன்ன சொல்: சிறியதற்கு ஒப்பியவர் பெரியதற்கும் இணங்குவார்.
3. ஊரோடு ஒத்தல்: பலர் வாங்குவதையே நாமும் நாடுவோம்.
4. நிபுணர் சொல்: டாக்டர் சொன்னால் நம்புவோம்.
5. பிடித்தம்: பிடித்தவரிடம் மறுப்பது கடினம்.
6. தட்டுப்பாடு: குறைவாக இருப்பதற்கே கிராக்கி.

2016-இல் ஏழாவதாக 'நம்மவர்' என்ற உணர்வையும் சேர்த்தார். இதிலும் நாம் ஏமாறுவதுண்டு. நம்மவர் என்று விசாரிக்காமல் பணம் போட்டு இழந்த குடும்பங்கள் உண்டு.

குடோன் நிறைய சரக்கிருக்க, 'கடைசி இரண்டு பீஸ்' என்பது பொய். உண்மையில் இரண்டே இருந்தால் அது தகவல். விற்கும்போது இந்த வேறுபாட்டைக் காப்போம். வாங்கும்போது ஒரு நாள் பொறுத்து, விசாரித்து முடிவெடுப்போம்.